ஒரே ஒரு நாள் வருகிறவர்களுக்காக: தீம் பார்க் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலகெங்கும் பெரிய தீம் பார்க்குகளை நடத்தும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும், 1918 முதல் இந்தத் தொழிலை ஒருங்கிணைத்துவரும் ஐஏஏபிஏ கூட்டமைப்பின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து வந்து, உங்கள் பூங்காவில் ஒரே ஒரு நாளைக் கழித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் சார்பாக இதை எழுதுகிறேன். பக்கத்து ஊர்க்காரருக்கு அடுத்த சனிக்கிழமை என்று ஒன்று இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டாலோ ரோலர் கோஸ்டர் பழுதானாலோ, சரி, இன்னொரு நாள் வரலாம் என்று கிளம்பிவிடுவார். எங்களுக்கு அது கிடையாது. விசா, விமான டிக்கெட், அலுவலக விடுப்பு, பிள்ளைகளின் பள்ளி விடுமுறை என்று எல்லாம் ஒன்றுகூடி வந்த நாள் அது. பல குடும்பங்களுக்கு வாழ்நாளில் ஒரு முறைதான். அதற்காகப் பல மாதம் பணம் சேர்த்திருப்பார்கள்.

நான் கேட்பது இதுதான். அந்த நாட்டு மொழியைப் படிக்கத் தெரியாமல், அந்த நாட்டு சிம் கார்டும் வங்கிக் கணக்கும் இல்லாமல் வருகிற ஒருவருக்கும், உள்ளூர்க்காரருக்குக் கிடைக்கிற அதே நாள் கிடைக்க வேண்டும். இன்று பல இடங்களில் அது கிடைப்பதில்லை. முன்பு ஓரளவு கிடைத்துக்கொண்டிருந்தது, இப்போது கைநழுவிப் போகிறது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குத் தீம் பார்க் பிடிக்கும். வெளிநாடு போனால் கோட்டையும் அருங்காட்சியகமும்தான் பார்க்க வேண்டும், தீம் பார்க்குக்குப் போவது காசைக் கரியாக்கும் வேலை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு நாட்டுக்காரர்கள் விடுமுறை நாளில் எப்படி வரிசையில் நிற்கிறார்கள், அழுகிற பிள்ளையை எப்படிச் சமாதானப்படுத்துகிறார்கள், தாத்தா பாட்டியை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்பதையெல்லாம் வேறு எங்கே போய்ப் பார்ப்பது? கோபன்ஹேகனில் 1843இல் திறந்த டிவோலி பூங்கா இன்றும் நகரின் நடுவே, மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கிய வெளியூர்க்காரர் யாரையும் வழி கேட்காமல் உள்ளே போய்விடலாம். 1955இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டிஸ்னிலாந்து 1983இல் டோக்கியோவுக்கும், 1992இல் பாரிசுக்கும், 2005இல் ஹாங்காங்குக்கும், 2016இல் ஷாங்காய்க்கும் பரவியதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மேலேறி நின்று கீழே விழுகிற ஒரு ரைடை அனுபவிக்க எந்த மொழியும் வேண்டாம். முன் இருக்கையில் ஒரு நாட்டுக்காரர், பின் இருக்கையில் இன்னொரு நாட்டுக்காரர், திருப்பம் வந்ததும் எல்லோரும் ஒன்றாக அலறுகிறார்கள்.

ரைடில் மொழி தேவைப்படாது. ஆனால் அந்த ரைடு வரைக்கும் போய்ச் சேருவதற்கு இப்போது மொழி வேண்டும், போன் வேண்டும், இணையம் வேண்டும், அந்த நாட்டில் செல்லுபடியாகும் கார்டு வேண்டும்.

1999இல் டிஸ்னி பூங்காக்களில், நீண்ட வரிசையில் நிற்காமல் குறித்த நேரத்தில் வந்து ரைடில் ஏறும் ஃபாஸ்ட்பாஸ் முறை வந்தபோது எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ரைடின் வாசலிலேயே ஒரு இயந்திரம். நுழைவுச் சீட்டைச் செருகினால் ஒரு துண்டுத் தாள் வெளியே வரும். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிக்குள் திரும்பி வர வேண்டும் என்பது அதில் அச்சாகியிருக்கும். தனிக் கட்டணம் கிடையாது. எண் படிக்கத் தெரிந்தால் போதும். அதுகூட வேண்டாம், முன்னால் நிற்பவர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்தால் போதும். பாட்டியும் செய்வார், எட்டு வயதுப் பிள்ளையும் செய்யும்.

அப்புறம் அது போனுக்குள் போனது. ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2021 அக்டோபரில் கட்டண முறை வந்தது. 2024 ஜூலையிலிருந்து அதற்கு லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று பெயர். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் 7 நாள் முன்பே பதிவு செய்யலாம், மற்றவர்கள் 3 நாள் முன்பு. டோக்கியோவில் 2022இல் இதே மாதிரி டிஸ்னி பிரீமியர் ஆக்சஸ் என்ற கட்டண முறை வந்தது. இதையும் பூங்காவின் செயலியில்தான் வாங்க வேண்டும். ஒசாகாவின் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பானில் 2021இல் திறந்த சூப்பர் நிண்டெண்டோ வேர்ல்டுக்குள் போக, கூட்டமான நாட்களில் நேரம் குறித்த அனுமதி தேவை. அதை வாங்கக் கட்டணம் இல்லை, நல்ல விஷயம். ஆனால் பெரும்பாலும் பூங்காவுக்குள் காலடி வைத்த பிறகு செயலியைத் திறந்துதான் எடுக்க வேண்டும். அந்த நிமிடத்தில் கையில் இணையம் இருப்பவருக்கு ஒரு நாள், இல்லாதவருக்கு வேறொரு நாள்.

இந்த முறைகளைக் கண்டுபிடித்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. வெயிலில் மணிக்கணக்காக நிற்பதைவிட வரிசையை போனில் பிடித்து வைத்துவிட்டு நிழலில் உட்காருவது எல்லோருக்கும் நல்லதுதான். கோளாறு வேறு இடத்தில். செயலியை வடிவமைக்கும்போது உங்கள் கண்முன் இருந்தவர், அதே பூங்காவுக்கு ஏற்கெனவே பல முறை வந்துபோன உள்ளூர்க்காரர். வாசலில் முதல் தடவையாகப் பதிவிறக்கம் செய்கிற வெளிநாட்டுக்காரர் அங்கே இல்லை.

ஒரு பெரிய பூங்காவின் வாசலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் ஒரு பெண், இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. எந்த நாட்டுக்காரர்கள் என்று தெரியாது. பேசிய மொழி எனக்கும் புரியவில்லை, அங்கிருந்த ஊழியருக்கும் புரியவில்லை. பூங்காவின் செயலி கணக்குத் தொடங்கச் சொல்லி மொபைல் எண் கேட்டது. எப்படியோ அதைத் தாண்டிவிட்டார். அனுமதிக்குப் பணம் கட்டும் இடத்தில் வங்கி ஓடிபி அனுப்பியது. அது போய்ச் சேர்ந்தது அவருடைய சொந்த நாட்டு எண்ணுக்கு. விமான நிலையத்தில் வாங்கிய உள்ளூர் சிம் போனில் இருந்தது, சொந்த சிம் கைப்பையில் ஒரு மடித்த காகிதத்துக்குள் இருந்தது. காதில் கிடந்த வளையத்தைக் கழற்றி, அதன் கம்பி முனையால் போனின் சிம் தட்டைக் குத்தித் திறந்தார். புதிய சிம்மை உதட்டுக்கிடையில் பிடித்துக்கொண்டு பழையதைப் போட்டார். சிக்னல் வந்தது, ஆனால் இப்போது இணையம் இல்லை. அம்மாவின் போனிலிருந்து இணையம் எடுக்கப் பார்த்தார். ஓடிபியின் நேரம் முடிந்தது. மறுபடியும் முதலிலிருந்து. எல்லாம் கூடி வந்தபோது அன்றைக்கான அனுமதி தீர்ந்துவிட்டது என்று திரை சொன்னது. பெரிய பிள்ளை ஒன்றும் கேட்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

உதவி மையத்தில் இருந்த இளைஞர் செய்ததையும் சொல்ல வேண்டும். மேசைக்கு அடியிலிருந்து ஒரு காகித வரைபடத்தை எடுத்தார். பேனாவால் ஐந்தாறு இடங்களை வட்டமிட்டார். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு என்று எழுதினார். காட்சி நேரங்களைக் குறித்தார். பிறகு பிள்ளைகளின் உயரத்தைக் கண்ணால் அளந்து, ஒரு வட்டத்தை அடித்துவிட்டு வேறொன்றைப் போட்டார். ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நாளைத் தயார் செய்து கொடுத்தார். உங்கள் பூங்காக்களில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர் மேசைக்கு அடியில் வைத்திருந்த வரைபடத்தை மேசைக்கு மேலே வைக்கலாமே? நேரம் குறித்த அனுமதியில் ஒரு பங்கை அந்த மையத்தில் காகிதமாகக் கொடுக்கும் அதிகாரத்தை அவருக்கே தரலாமே?

செலவில்லாத வேலை இது என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை. செயலியில் மொபைல் எண் கேட்கும் இடத்தில் மின்னஞ்சலோ பாஸ்போர்ட் எண்ணோ போதும் என்று வையுங்கள். ஷாங்காய் டிஸ்னிலாந்தில் டிக்கெட்டே அடையாள ஆவணத்தின் பெயரில்தான் தரப்படுகிறது. வெளிநாட்டுக்காரருக்குப் பாஸ்போர்ட் போதும். வாசலைத் தாண்டுவதற்கு முன்பே, வரிசையில் நிற்கிற இடத்திலேயே, கட்டணமில்லாத வைஃபை கிடைக்கட்டும். செயலியில் விற்கிற எதையும் பூங்காவுக்குள் ஒரு கவுண்ட்டரிலாவது ரொக்கமாகவோ கார்டைத் தேய்த்தோ வாங்க முடியட்டும். நேரில் கார்டைச் செருகி ரகசிய எண் போட்டால் பெரும்பாலும் ஓடிபி தொல்லையே இருக்காது.

பண விஷயத்துக்கு வருகிறேன். வேகமான வரிசைக்குத் தனிக் கட்டணம் வாங்குவது சரியா தவறா என்று இங்கே வாதாட வரவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் வாங்குவதென்றால் டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே சொல்லுங்கள். நுழைவுக் கட்டணம் இவ்வளவு, பெரிய ரைடுகளின் வேக வரிசைக்கு இன்று இவ்வளவு, வாகனம் நிறுத்த இவ்வளவு, லாக்கருக்கு இவ்வளவு. நாளுக்கு ஒரு விலை என்றால் அதையும் மாத நாட்காட்டியாகக் காட்டுங்கள். வெளிநாட்டுக் குடும்பம் தன் நாட்டுப் பணத்தில் கணக்குப் போட்டு, இத்தனை பேருக்கு இவ்வளவு என்று முடிவு செய்துதான் விமானம் ஏறுகிறது. உள்ளே வந்த பிறகு விலை தெரியவந்தால், வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, கட்டவும் முடியாது என்ற நிலையில் பெற்றோர் நிற்கிறார்கள்.

எந்த நாட்டிலிருந்து வாங்குகிறோம் என்பதைப் பார்த்து விலை மாறக் கூடாது. 2015இல் டிஸ்னிலாந்து பாரிஸ் விஷயத்தில் இந்தப் புகார் பெரிதாக எழுந்தது. ஒரே மாதிரியான பயணத் திட்டத்துக்குப் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இருப்பவர்களுக்குக் கூடுதல் விலை காட்டப்படுகிறது என்றார்கள். ஐரோப்பிய ஆணையமும் தலையிட்டுக் கேட்டது. 2018 டிசம்பர் 3 முதல், நாட்டைக் காரணம் காட்டி வாடிக்கையாளரை ஒதுக்கவோ வேறு விலைக்குத் தள்ளவோ கூடாது என்ற விதி ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க நடைமுறைக்கு வந்தது. இத்தாலியக் குடும்பம் பிரான்சுப் பூங்காவின் குடும்பச் சலுகையைக் கேட்டுப் பெறலாம். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சட்டம் கேட்காவிட்டாலும் நீங்களே அதை எல்லோருக்கும் தரலாம். உள்ளூர்க்காரர்களுக்கு வார நாட்களில் சலுகை தருவதை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் ஊரின் சாலையும் தண்ணீரும் உங்களுக்காகச் செலவாகின்றன, கொடுங்கள். சலுகை இல்லாத சாதாரண விலை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்தது, மூடிக் கிடக்கும் ரைடுகள். எனக்கு இதில்தான் மனத்தாங்கல் அதிகம். பராமரிப்பு இல்லாமல் பாதுகாப்பு இல்லை, அது எனக்குத் தெரியும். பழுது பார்க்க மூடுங்கள், இடித்துக் கட்ட மூடுங்கள். எப்போது என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பு சொல்லுங்கள். டோக்கியோ டிஸ்னிலாந்து இதை ஒழுங்காகச் செய்தது. ஸ்பேஸ் மவுண்டனை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறோம், 2024இல் மூடுவோம், 2027இல் திறப்போம் என்று 2022ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. அந்த ரைடுக்காகவே போக நினைத்தவர் பயணத்தை முன்னால் நகர்த்தவோ தள்ளிப்போடவோ நேரம் இருந்தது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பல பூங்காக்களின் இணையதளத்தில் மூடல் பட்டியல் எங்கோ ஒரு மூலையில், பெரும்பாலும் அந்த நாட்டு மொழியில் மட்டும் இருக்கிறது. விளம்பரப் படத்திலோ அதே ரைடு பெரிதாகச் சிரித்துக்கொண்டிருக்கிறது. தேதியைத் தேர்ந்தெடுத்த உடனே, பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, அந்தத் தேதியில் எவையெல்லாம் ஓடாது என்று நான்கு வரி போட்டால் போதும். அதைப் படித்துவிட்டும் வாங்குகிறவர் பிறகு உங்களிடம் சண்டைக்கு வர மாட்டார்.

திடீர் பழுதுக்கும் வானிலைக்கும் யாரும் பொறுப்பில்லை. இடி மின்னல் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அப்போது என்ன நடக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது வெளிநாட்டுக்காரருக்குப் புரிவதில்லை. கூட்டம் கலைகிறது, நாமும் போக வேண்டுமா, இல்லை நின்றால் மறுபடி ஓடுமா? மின்னல் படம், ஒரு கடிகாரப் படம், அடுத்த அறிவிப்பு எத்தனை மணிக்கு என்ற எண். வரிசையின் வாயிலில் இருக்கிற திரையில் இதைக் காட்டலாம். காரணம் தெரிந்தால் காத்திருப்பது அவ்வளவு கனக்காது. புயல் விஷயத்தில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறது: வந்து சேரும் நாளுக்கு 7 நாளுக்குள் ஆர்லாண்டோ பகுதிக்கோ வருகிறவர் வசிக்கும் இடத்துக்கோ சூறாவளி எச்சரிக்கை வந்தால், டிஸ்னியிடம் நேரடியாகச் செய்த பெரும்பாலான பதிவுகளை அபராதம் இல்லாமல் மாற்றவோ ரத்து செய்யவோ விடுகிறார்கள். மற்ற பூங்காக்களும் தங்கள் பகுதியின் புயலுக்கும் பனிக்கும் வெள்ளத்துக்கும் ஏற்ப இப்படி ஒன்றை எழுதி வைத்தால், தூரத்திலிருந்து வருகிறவருக்குப் பெரிய ஆறுதல்.

பிள்ளைகளின் உயரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பேஸ் மவுண்டன் என்ற ஒரே பெயரில் தொடங்கிய ரைடுக்குக் கலிஃபோர்னியாவில் 102 செ.மீ. இருந்தால் போதும், ஃப்ளோரிடாவில் 112 வேண்டும், பாரிசில் 120. காரணம் நியாயமானது. ஃப்ளோரிடாவில் ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியாக உட்கார வேண்டும். பாரிசில் வண்டி தலைகீழாகவே சுழலும். ஆனால் 110 செ.மீ. உயரப் பிள்ளை ஒரு நாட்டில் ஏறிய ரைடில் இன்னொரு நாட்டில் ஏற முடியாது என்று அதற்கு யார் சொல்வது? ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, கடைசிக் கதவில் அளவுகோலுக்குக் கீழே தலை நிற்கும்போது அது அழுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வரிசையின் தொடக்கத்திலேயே ஊழியர் அளந்துவிடட்டும். பூங்கா வாசலில் ஒரு முறை அளந்து, எந்தெந்த ரைடுக்குப் போகலாம் என்று நிற நாடா ஒன்றைக் கையில் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. அந்த நாடாவின் உள்பக்கத்தில் பெற்றோரின் போன் எண்ணை எழுத இடம் விடுங்கள். மொழி தெரியாத நாட்டில் தொலைந்துபோன பிள்ளை தன் பெயரைச் சொன்னாலும் அங்கே யாருக்கும் சரியாகக் காதில் விழாது.

இனி எழுதுவதை வேறெதையும்விடக் கவனமாகப் படியுங்கள். 2011 மார்ச் 11 அன்று பிற்பகல் 2.46க்கு ஜப்பானில் நிலம் நடுங்கியபோது டோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டின் இரண்டு பூங்காக்களிலும் சேர்த்துச் சுமார் 70,000 பேர் இருந்தார்கள். ரயில்கள் நின்றுவிட்டன. ஏறத்தாழ 20,000 பேர் அன்றிரவு அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. ஊழியர்கள் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. கடையில் விற்பனைக்கு வைத்திருந்த பஞ்சு பொம்மைகளை எடுத்து, தலையை மூடிக்கொள்ளச் சொல்லிக் கையில் கொடுத்தார்கள். குளிர் ஏறியதும் அட்டைப் பெட்டிகளையும் பிளாஸ்டிக் பைகளையும் போர்த்திக்கொள்ளக் கொடுத்தார்கள், தின்பண்டம் கொடுத்தார்கள். அங்கே ஜப்பானிய மொழி ஒரு எழுத்துகூடத் தெரியாத ஒருவர் இருந்திருந்தால், அவருக்கும் பொம்மையைத் தலைமேல் வைத்துக் காட்டியதும் புரிந்திருக்கும். பூமி ஆடுகிற நேரத்தில் யாரும் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்துகொண்டிருக்க மாட்டார்கள். அப்படி ஒரு நாளுக்கு உங்கள் பூங்கா தயாரா? வெளியேறும் வழி, ஒன்றுகூடும் இடம், குனி, உட்கார், ஓடாதே என்பதையெல்லாம் கையசைவில் காட்ட உங்கள் ஊழியர்களுக்குப் பயிற்சி இருக்கிறதா?

படங்களால் பேசுவதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், வெளிநாட்டினர் ஜப்பானிய எழுத்தைப் படிக்க முடியாது என்பதற்காக ஒவ்வொரு விளையாட்டுக்கும் வசதிக்கும் ஒரு சித்திரக் குறியீடு வரைந்தார்கள். மசாரு கட்சுமி தலைமையில் இளம் வடிவமைப்பாளர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். பொது இடங்களுக்கான குறியீடுகளுக்கு ஐஎஸ்ஓ 7001 என்ற பன்னாட்டுத் தரமே இருக்கிறது. ஆனாலும் சில பூங்காக்களில் கருப்பொருளுக்கு ஒத்துவர வேண்டும் என்று கழிப்பறைப் பலகையைக்கூட அலங்கார எழுத்தில் எழுதி மறைத்துவிடுகிறார்கள். அலங்காரம் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். கழிப்பறை, முதலுதவி, குடிநீர், வெளியேறும் வழி ஆகிய நான்கும் உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த வடிவத்திலேயே இருக்கட்டும்.

உடல்நலக் குறையோ மாற்றுத்திறனோ உள்ளவர்கள் வரிசையில் சலுகை பெறும் நடைமுறை நாட்டுக்கு நாடு மாறுவது கொடுமை. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் காணொலி உரையாடலில் விளக்கிப் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்க யூனிவர்சல் பூங்காக்களில் ஐபிசிசிஇஎஸ் என்ற அமைப்பின் அணுகல் அட்டைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பாவில் வேறு சான்று. ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு பயணம் செய்கிற பெற்றோர் ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளையின் வாழ்க்கைக் கதையை அறிமுகமில்லாத ஒருவரிடம், தங்களுடையதல்லாத மொழியில், முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகள் அனைத்திலும் செல்லும் மாற்றுத்திறனாளி அட்டைக்கு 2024இல் சட்டம் இயற்றியது. 2028 ஜூனிலிருந்து அது நடைமுறைக்கு வர வேண்டும். அரசுகளே ஒத்துக்கொள்ள முடிகிறதென்றால், ஒரே கூட்டமைப்பில் இருக்கிற நீங்கள் ஒருவர் தந்த சான்றை மற்றவர் ஏற்பதில் என்ன தடை? ஐஏஏபிஏ பொறுப்பாளர்களே, இதை உங்களால்தான் தொடங்க முடியும்.

சின்னச் சின்ன நல்ல காரியங்கள் ஏற்கெனவே நடக்கின்றன, அவற்றையும் சொல்லத்தான் வேண்டும். டிஸ்னி பூங்காக்களில் பல ஊழியர்களின் பெயர்ப் பட்டையில் அவர் பேசும் மொழிக்கான சிறு அடையாளம் இருக்கிறது. கூட்டத்தில் அதைத் தேடிக் கண்டுபிடித்து ஓடிப்போய்ப் பேசுகிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்! கலிஃபோர்னியாவின் மேட்டர்ஹார்ன் ரைடில் எழுந்து நிற்காதீர்கள் என்பதை ஆங்கிலத்தோடு ஸ்பானிய மொழியிலும் சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்களுக்கு அது மனப்பாடம். நெதர்லாந்தின் எஃப்டெலிங் பூங்காவில் பெரிய வாயைத் திறந்துகொண்டு ஒரு குண்டு மனிதர் சிலை உட்கார்ந்திருக்கிறது. குப்பைக் காகிதம் கேட்டுக் குரல் கொடுக்கும். வாய்க்கருகே தாளை நீட்டினால் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டு நன்றி சொல்லும். எந்த நாட்டுப் பிள்ளைக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தரையில் கிடக்கும் தாளைத் தேடிப் பொறுக்கி வந்து ஊட்டிவிடுகிறார்கள். 'குப்பை போடாதே' என்று பல மொழிகளில் பலகை வைப்பதைவிட இது மேல். இந்த அளவு யோசிக்கத் தெரிந்த தொழில்தான் உங்களுடையது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இன்னும் இரண்டு. பயணத்தில் இருப்பவர் பெரும்பாலும் ஒரு ஹோட்டலைக் காலி செய்துவிட்டு, இன்னொரு ஊருக்குப் போகும் வழியில் உங்களிடம் வருகிறார். பெரிய பெட்டி வைக்கிற அளவுக்கு லாக்கர் இருக்கிறதா, எத்தனை மணி வரை என்பதை முன்பே சொல்லுங்கள். அடுத்தது, இரவு வாணவேடிக்கை முடிகிற நேரமும் கடைசி ரயிலின் நேரமும். பாரிஸ் பூங்காவின் வாசலிலேயே ஆர்இஆர் ரயில் நிற்கிறது. ஹாங்காங்கில் பூங்காவுக்கென்றே ஒரு தனி ரயில் பாதை இருக்கிறது. இவையெல்லாம் வெளிநாட்டுக்காரருக்குப் பெரிய வரம். எங்கே போனாலும், வெளியேறும் வாயிலில் கடைசி மூன்று ரயில்களின் அல்லது பேருந்துகளின் நேரம் ஒரு திரையில் ஓடினால், தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருக்காது.

ஐஏஏபிஏ ஒவ்வொரு நவம்பரிலும் ஆர்லாண்டோவில் பெரிய கண்காட்சி நடத்துகிறது. புதிய ரோலர் கோஸ்டர்களும் புதிய டிக்கெட் மென்பொருள்களும் அங்கேதான் விற்பனைக்கு வருகின்றன. அடுத்த கண்காட்சிக்கு முன்பு உங்களில் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாத மொழி பேசும் நாடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அங்குள்ள பெரிய பூங்காவுக்கு, யாரிடமும் பதவியைச் சொல்லாமல், சொந்தப் பணத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போங்கள். உள்ளூர் சிம் வேண்டாம், வழிகாட்டி வேண்டாம். வீட்டிலுள்ள சிறு பிள்ளை ஒருவரையும் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். காலை வாசல் திறப்பதிலிருந்து இரவு ஹோட்டலுக்குத் திரும்புவது வரை எங்கெல்லாம் சிக்கிக்கொண்டீர்கள் என்று எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பைக் கண்காட்சிக்கு எடுத்து வந்து, டிக்கெட் மென்பொருள் விற்கிறவரின் மேசைமேல் வைத்து, இதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

அன்புடன்,
வெளிநாட்டுப் பூங்காக்களுக்கு மறுபடியும் வர விரும்பும் ஒரு பார்வையாளர்